மெத்தாவுக்கு ஒரு வரிசை உண்டு

பத்து நாள் விபஸ்ஸனா பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள்தான் வரும்: முழங்கால் வலி, விடிகாலை நாலு மணிக்கு அடிக்கும் மணி, போன் இல்லாமல் இருந்தது. பத்தாம் நாள் காலையில் சொல்லித்தரும் மெத்தா என்ற நல்லெண்ணத் தியானத்தைப் பற்றித் தானாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. நாமே கேட்டால், "ஆமா, கடைசியில எல்லாரும் நல்லா இருக்கணும்னு நினைக்கச் சொன்னாங்க" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பௌத்தம் நமக்குக் கொடுத்த மனப் பயிற்சிகளிலேயே மிக நுட்பமாக யோசித்து வடிக்கப்பட்டது அதுதான் என்று நம்புகிறேன். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

போகாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். சென்னையில் என்றால் திருமுடிவாக்கம் பக்கம் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் 1976 முதல் இயங்கும் தம்ம கிரியின் வழியில் வந்த மையங்களில் அது ஒன்று. கட்டணம் கிடையாது. முன்பு பயிற்சி முடித்தவர்கள் கொடுத்த தானத்தில்தான் நாம் சாப்பிடுகிறோம், தங்குகிறோம். முதல் மூன்று நாள் ஆனாபானம். மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கவனத்தை நகர்த்தி, எங்கே அரிப்பு, எங்கே சூடு, எங்கே துடிப்பு என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். வருவது பிடித்ததோ பிடிக்காததோ, அதை மாற்ற முயலாமல் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை கால் அசைக்காமல் உட்காரும் 'அதிட்டானம்'. பேச்சு கிடையாது. பத்தாம் நாள் காலை மெத்தா சொல்லித்தந்த பிறகுதான் மௌனம் கலைகிறது.

வாய் திறந்த அந்த நிமிடமே மனம் வெளியே ஓடிவிடுகிறது. மெத்தா மறந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மையங்களைத் தொடங்கிய எஸ். என். கோயங்கா, மெத்தாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் சொல்லியிருக்கிறார். வெறுப்பும் எரிச்சலும் நிறைந்த மனத்திலிருந்து கிளம்பும் நல்லெண்ணம் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும். உடம்பின் உணர்வுகளைச் சமநிலையோடு பார்த்துப் பார்த்து மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு அது தானாகக் கசியும். அவருடைய முறைக்குள் இந்த வரிசை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒன்றே வரிசை கிடையாது. மற்ற வழிகளைப் புரிந்துகொள்ள பர்மாவுக்குப் போய் வர வேண்டும்.

1885-இல் பிரிட்டிஷ் படை மாண்டலேயைப் பிடித்து, திபோ அரசரை ரத்தினகிரிக்கு நாடுகடத்தியது. அரசன் போனால் சங்கத்துக்கு ஆதரவு போகும், ஆதரவு போனால் புத்தரின் போதனையே தேய்ந்துபோகும் என்ற பயம் பர்மிய பிக்குகளைப் பிடித்தது. லெடி சயடா (1846–1923) அதற்குக் கண்ட வழி, மடத்துக்குள் இருந்த படிப்பையும் தியானத்தையும் சாதாரணக் குடும்பத்தினர் கையில் கொடுத்துவிடுவது. அவரிடமிருந்து அது சயா தெட்ஜி என்ற விவசாயிக்குப் போனது. அவரிடமிருந்து ஊ பா கின். சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர் இவர். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். மாண்டலேயில் 1924-இல் மார்வாடி வணிகக் குடும்பத்தில் பிறந்த கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் அவரிடம் போனார். 1969-இல் இந்தியாவுக்கு வந்தார். இன்று நாம் கண்ணை மூடி உட்காரும் கூடம் அந்தத் தொடர்ச்சி. ஒரு நாடு அடிமையான பயத்திலிருந்து பிறந்த ஏற்பாடு இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இன்னொரு கிளை மகாசி சயடாவுடையது (1904–1982). அவருடைய முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, 'எழுகிறது', 'தாழ்கிறது' என்று மனத்துக்குள் மெல்லக் குறித்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்த பிறகு நடைத் தியானம்: தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கூட்டமே நோயிலிருந்து எழுந்து நடப்பது போலத் தெரியும். ஆசிரியரிடம் அடிக்கடி போய், என்ன வந்தது, எப்படிக் குறித்தாய், குறித்ததும் அது என்ன ஆனது என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கிளையில் நான் மிகவும் மதிப்பவர் தீபா மா. சிட்டகாங்கில் 1911-இல் பிறந்தவர். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்து, கணவரும் இறந்து, உடம்பு நொறுங்கிப்போன நிலையில் ரங்கூனில் மகாசி முறையில் பயிற்சி செய்தார். பிற்பாடு கல்கத்தாவில் ஒரு சின்னக் குடியிருப்பில், வீட்டு வேலை செய்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். விழிப்புநிலையைப் பழகுவதா, மெத்தாவைப் பழகுவதா என்று கேட்டபோது, தன் அனுபவத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை என்று அவர் சொன்னதை மாணவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மாணவர்களில் ஷாரன் சால்ஸ்பர்க்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் உண்டு. அவர்கள் ஜாக் கார்ன்ஃபீல்டோடு சேர்ந்து 1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாரே என்ற சிற்றூரில் ஒரு தியான மையம் திறந்தார்கள். கட்டடம் முன்பு கத்தோலிக்கத் துறவிகளின் பயிற்சி இல்லமாக இருந்தது. முகப்பில் இருந்த பழைய பெயரின் எழுத்துகளை எடுத்து மாற்றி அடுக்கி 'மெத்தா' என்று வைத்தார்கள். 1985-இல் சால்ஸ்பர்க் பர்மாவுக்குப் போய், ஊ பண்டிதா சயடாவிடம் மூன்று மாதம் மெத்தா மட்டும் செய்தார். விபஸ்ஸனாவுக்கு வால்போல இருந்த ஒன்று, தனி முகாமாக உலகம் முழுக்கப் பரவியதில் அந்த மூன்று மாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மெத்தா என்றால் மனம் உருகி எல்லோரையும் நேசிப்பது என்று நினைத்துத்தான் பலரும் அதைத் தள்ளிவைக்கிறார்கள். உருக வராதே, என்ன செய்வது என்கிறார்கள். உருக்கத்துக்கு இங்கே வேலை குறைவு. யாரில் தொடங்குவது, யாரை எடுக்கக் கூடாது, எப்போது அடுத்தவருக்கு நகர்வது, சிக்கினால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை முழுமையாக எழுதிவைத்தது ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்தில் இயற்றிய விசுத்தி மார்க்கம். அதன் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படிக்காமல் யாரும் மெத்தாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தமிழர்களுக்கு அந்த நூலோடு ஓர் உறவும் உண்டு. புத்தகோசர் தன் உரைநூல் ஒன்றின் முடிவில், காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரரோடு தங்கியிருந்ததைச் சொல்கிறார். அதே காலத்து புத்ததத்தர் உறையூர்க்காரர், காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து எழுதியவர். பாலி மொழியின் இந்தப் பெரிய உரையாசிரியர்கள் நம் ஊர்த் தெருக்களில் நடந்தவர்கள். பள்ளிப் பாடத்தில் மணிமேகலையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வரிசை இப்படிப் போகிறது. முதலில் தான். பிறகு நாம் மதித்து நேசிக்கும் ஒருவர், ஓர் ஆசிரியரைப் போல. பிறகு விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர். கடைசியாக, பகையாக நினைக்கும் ஒருவர். தன்னில் தொடங்குவதைச் சுயநலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் நலமாக இருக்க விரும்புவது போலவே அவரும் விரும்புகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நாமே.

இதோடு புத்தகோசர் ஒரு விலக்கும் சொல்கிறார்: இறந்தவரை எடுக்காதே. இந்த வரி எனக்குச் சொந்தமானது.

அம்மா இறந்து அதிக நாள் ஆகாத சமயத்தில் இலங்கைக்குப் போயிருந்தேன். கண்டிக்கு மேலே தேயிலை மலையில் நிலம்பே தியான மையம் இருக்கிறது. 1979-இல் தொடங்கியது. 2000-இல் இறக்கும் வரை அதை நடத்திய கொட்வின் சமரரத்ன, விபஸ்ஸனாவையும் மெத்தாவையும் பிரிக்காமல் சொல்லித்தந்தவர். கோபம், பயம் என்று எது வந்தாலும் விரட்டாமல் அதோடு நட்பாக இரு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த இடத்தில் அவர் வழி இன்னும் இருக்கிறது. அங்கே மெத்தா அமர்வில் 'நேசிக்கும் ஒருவர்' என்றதும் நான் யோசிக்கவே இல்லை. அம்மாவை எடுத்தேன். நீ நலமாக இரு என்று மனத்துக்குள் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வதற்குள் அழுகை. அடுத்த அமர்விலும் அதே. இவ்வளவு அன்பு பொங்குகிறதே, இதைவிட நல்ல மெத்தா உண்டா என்றே நினைத்தேன்.

வழிநடத்தியவரிடம் சொன்னபோது அவர் நிதானமாகக் கேட்டார். "அம்மாவுக்காக அழறது நல்லது. அதுக்கு நேரம் குடுங்க. ஆனா இந்தப் பயிற்சிக்கு உயிரோட இருக்கற ஒருத்தரை எடுத்துக்குங்க" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மறுநாள் எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த டீச்சரை எடுத்தேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். 'நலமாக இருங்கள் டீச்சர்' என்றதும் மனம் அங்கேயே நின்றது. கண்ணீர் இல்லை, பொங்கல் இல்லை. ஆனால் அரை மணி நேரம் நகராமல் நின்றது.

ஊர் திரும்பி விசுத்தி மார்க்கத்தைப் புரட்டியபோது இதற்கு ஒரு கதை இருந்தது. ஓர் இளம் பிக்கு தன் ஆசிரியரை நினைத்து மெத்தா செய்கிறார். எவ்வளவு செய்தும் மனம் ஒருமுகப்படவில்லை. மூத்த தேரரிடம் போய்க் கேட்கிறார். காரணத்தை விசாரி என்கிறார் அவர். விசாரித்தால், ஆசிரியர் இறந்துவிட்டிருக்கிறார். வேறொருவரை எடுத்ததும் மனம் படிகிறது. பதினைந்து நூற்றாண்டுக்கு முன் ஒருவர் இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார் என்பதில் எனக்குக் கிடைத்த ஆறுதலைச் சொல்லி முடியாது. துக்கத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. அதற்கு வேறு இடம், இதற்கு வேறு இடம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். நேசத்துக்குப் பக்கத்திலேயே நின்று அதுபோலவே வேடம் போடும் எதிரி என்று அவர் பற்றைக் குறிப்பிடுவதும் இதே கூர்மைதான். வெறுப்பு தூரத்து எதிரி, வரும்போதே தெரிந்துவிடும். பற்று வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து நடுநிலையான மனிதர். சுலபம் என்று தோன்றும், பலருக்கு இங்கேதான் அலுப்பு வரும். நிலம்பேயில் நான் முதலில் எடுத்தது, விடிந்ததும் கொழுந்துக் கூடையோடு பாதையில் போகும் ஒரு பெண்ணை. முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஒருநாள் அவர் பின்னால் வந்தவரைத் திரும்பிப் பார்த்து, "வெரசா வா புள்ள, கங்காணி கத்தப் போறாரு" என்றார். தமிழ். அந்தக் கணமே அவர் நடுநிலையிலிருந்து நகர்ந்துவிட்டார். மலையகத் தமிழரின் இருநூறு வருடக் கதை முழுக்க மனத்துக்குள் வந்து நின்றது. வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று. எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரை எடுத்தேன். வருடக்கணக்காகத் துணி கொடுத்திருக்கிறேன். அவர் கை நினைவிருந்தது, முகம் மங்கலாகத்தான் வந்தது. அந்த முகத்துக்கு நலம் நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஊர் வந்து முதல் மூட்டையை எடுத்துப் போன அன்று அவர் மணிக்கட்டில் நீளமாக ஒரு தழும்பைப் பார்த்தேன். "என்னண்ணே, சுட்டுக்கிட்டீங்களா?" என்றேன். "அது ரொம்பப் பழசுக்கா. தொழில் கத்துக்கிட்டப்ப பட்டது" என்றார். இத்தனை வருடமும் அந்தத் தழும்பு என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. விபஸ்ஸனா உள்ளதை உள்ளபடி பார்க்கச் சொல்கிறது. நம் பார்வை எங்கே படாமலே போகிறது என்பதை நடுநிலை மனிதர் காட்டிவிடுகிறார். தீபா மா இரண்டும் ஒன்று என்றது எனக்கு இங்கேதான் விளங்கியது.

பகைவரிடம் வந்தால் புத்தகோசர் விரிவாக நிற்கிறார். அங்கே அவருக்கு அவசரமே இல்லை. கோபம் எழுந்தால் முதலில் பழைய ஆளிடம் திரும்பிப் போய் மனத்தை இளக்கிக்கொண்டு வா. முடியவில்லையா, அவரிடம் இருக்கும் ஏதாவது ஒரு நல்ல நடத்தையை நினை. அதுவும் இல்லையா, கோபத்தால் எரிவது நீதான் என்று உனக்கே எடுத்துச் சொல். இப்படி ஒன்று போனால் ஒன்று. அந்த வரிசையில் ஓரிடத்தில் அவர் மெத்தாவுக்குள் விபஸ்ஸனாவையே கொண்டுவந்துவிடுகிறார். அவர்மேல் கோபம் என்கிறாயே, எதன்மேல்? தலைமயிரின்மேலா, நகத்தின்மேலா, பல்லின்மேலா? மண், நீர், தீ, காற்று என்ற கூறுகளில் எதன்மேல்? தேடிக்கொண்டே போனால் கோபம் ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்கும் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தப் பக்கம்தான். விபஸ்ஸனாவின் முழு உழைப்பும் ஒரு மனிதரை வெறுக்காமல் இருப்பதற்குப் பயன்படுகிறது.

எல்லாம் தோற்றால் கடைசியாக அவர் சொல்வது தானம். அவருக்கு ஏதாவது கொடு, அவர் கொடுத்தால் வாங்கிக்கொள். இவ்வளவு ஆழமான உளப்பயிற்சிக்குப் பிறகு இப்படி ஒரு நடைமுறை யோசனை வருவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

எங்களுக்கும் சித்தப்பா குடும்பத்துக்கும் வீட்டு மனையில் தகராறு. பேச்சு நின்று பல வருடம். மெத்தாவில் சித்தப்பாவை எடுத்தால் தாடை இறுகும். அப்படியே மாதங்கள் போயின. அந்தப் பங்குனியில் மாவடு போட்டபோது ஒரு ஜாடி கொடுத்தனுப்பினேன். சித்தி போன் செய்தார். "கல்லுப்பு போட்டியா? அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்றார். மனையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புகிறேன், விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மெத்தா வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. வாய்தாவுக்குப் போகும் அன்று சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடிகிறது, அவர் முழங்கால் வலியால் நடக்கச் சிரமப்படுவது தெரிகிறது.

மெத்தாவின் வரிசை எங்கே முடிகிறது என்பதற்கும் புத்தகோசர் ஒரு காட்சி வைத்திருக்கிறார். ஒரு பிக்கு, அவருக்குப் பிரியமானவர், நடுநிலையானவர், பகைவர் என்று நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்ளையர் வந்து, பலி கொடுக்க ஒருவர் வேண்டும், யாரைத் தருகிறாய் என்கிறார்கள். பகைவரைக் கொண்டுபோ என்று நினைத்தால் தனக்கும் பிறருக்கும் நடுவிலுள்ள எல்லை உடையவில்லை. இதுவரை யாரும் சொல்வோம். 'என்னைக் கொண்டுபோ, இவர்களை விட்டுவிடு' என்று நினைத்தாலும் எல்லை உடையவில்லை என்கிறார். நால்வரில் கொடுப்பதற்கு ஒருவரும் இல்லை என்று மனம் காணும்போதுதான் உடைகிறது. தியாகத்தைப் போற்றியே வளர்ந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்களை நினைத்தேன். அம்மாவையும்தான். தன்னையும் கணக்கில் சேர்க்காத அன்பு முழுமையானதில்லை என்று ஒரு துறவி எழுதியிருக்கிறார்.

அதனால் என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். தன்னைத் தானே ஓயாமல் திட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் மெத்தா முகாமில் தொடங்குவது நல்லது. நீண்ட மௌனத்தில் உடம்பை உற்றுப் பார்க்கும்போது அந்தத் திட்டு இன்னும் சத்தமாகக் கேட்கும். தியானத்தில் சிலருக்குக் கடுமையான பயம், தூக்கமின்மை, தன்னிலை குலைவது போன்ற அனுபவங்கள் வருவதை பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் பயிற்சியாளர்களையே பேட்டி கண்டு 2017-இல் விரிவாக வெளியிட்டார்கள். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை இது. மனநல சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் யாரையாவது இழந்தவர்கள், விண்ணப்பத்தில் அதை ஒளிக்காமல் எழுதுங்கள். மருத்துவரிடமும் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆசிரியரிடம் தனியாகப் பேச வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

எங்கே போனாலும் அந்த நாட்களுக்கு அந்த இடத்தின் முறையை மட்டும் செய்யுங்கள். கோயங்கா மையங்களில் மற்றப் பயிற்சிகளை ஓரமாக வைக்கச் சொல்வார்கள், அதை மதித்து நடந்தால்தான் அது என்னவென்று தெரியும். தம்ம சேதுவுக்கு முன்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் தேதி அறிவித்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். நிலம்பேக்குப் போகிறவர்கள் சால்வையும் டார்ச் லைட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், விடிகாலையில் நன்றாகக் குளிரும். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.